கார் மாடலில் கோளாறா? எந்த அடுக்கில் என்று முதலில் பாருங்கள்

பிளாஸ்டிக் கார் கிட் கட்டும்போது ஒரு கோளாறு கண்ணில் படுகிற நேரம் வேறு, அது உண்டான நேரம் வேறு. கிளியர், அதாவது கடைசியில் அடிக்கும் நிறமில்லாத பூச்சு, அடித்து முடித்தபின் கதவோரத்தில் தெரிகிற பள்ளம், அடிப்பூச்சான பிரைமர் அடிப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமான டெக்காலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிற காற்று, டெக்கால் ஒட்டிய அன்றைக்கே உள்ளே மாட்டியிருக்கும். ஆகவே எந்தக் கோளாறானாலும் முதலில் தெரிய வேண்டியது, அது பிளாஸ்டிக்கிலா, பிரைமரிலா, நிறத்திலா, டெக்காலிலா, கிளியரிலா என்பதுதான். மேலடுக்கில் இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். கீழடுக்கில் இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மேலே இருக்கிற நல்ல பெயின்ட்தான் வீணாகும்.

கண்டுபிடிக்க ஒரு மேசை விளக்கு போதும். வெளிச்சம் பாடியின்மேல் சாய்வாக விழும்படி பிடித்து மெல்லத் திருப்புங்கள். விளக்கின் பிம்பம் அந்த இடத்தில் நெளிந்தால் கோளாறு பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கிறது. பிம்பம் நேராக ஓடியும் உள்ளே ஏதோ தெரிந்தால் கோளாறு அதற்குக் கீழே.

அடுத்தது மூக்கு. பாடியை முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். லாக்கர் வகைப் பெயின்ட் சில நிமிடங்களிலேயே கையில் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், ஆனால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற நாட்கள் ஆகும். பளபளப்பான எனாமல் வகைப் பெயின்ட்டுக்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல். வாசனை இருக்கும்வரை கீழே சொல்லியிருக்கிற எந்தச் சிகிச்சையையும் ஆரம்பிக்காதீர்கள். ஈரத்தில் விழுந்த தூசியையும் ஈரத்தில் எடுக்கப் போகாதீர்கள். காய்ந்தபின் அது இரண்டு நிமிட வேலை. ஈரத்தில் கை வைத்தால் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டிவரும்.

பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது

பெயின்ட் துளிகள் பரப்பில் பரவிச் சமமாவதற்குள் காய்ந்துவிட்டன. ஸ்ப்ரே டப்பாவைத் தள்ளிப் பிடித்து அடித்திருப்பீர்கள், அல்லது டப்பா குளிர்ந்திருந்திருக்கும், அல்லது ஏர்பிரஷில் பெயின்ட் கெட்டியாக இருந்திருக்கும். டப்பா என்றால் 15 முதல் 20 செ.மீ. தூரம் சரியாக வரும். அடிப்பதற்கு முன் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள் நிற்க வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஏர்பிரஷுக்குப் பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கலக்கிய கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் லேசான படலத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும்.

ஏற்கனவே ஆகிவிட்டதைச் சரிசெய்ய வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், வேண்டும். 2000 எண் தாளில் ஆரம்பியுங்கள். மேடுகள் பெரிதாக இருந்தால் 1500. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, தாளை நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். கொஞ்சம் தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். மேடுகள் மங்கிப்போய், பள்ளங்கள் மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கும். அந்த மினுங்கும் புள்ளிகள் மறைகிற நொடியில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் தேய்க்கிற ஒவ்வொரு இழுப்பும் தேவையில்லாமல் பெயின்ட்டை மெலிதாக்குகிறது. அப்புறம் 3000, அதற்கும் நுண்ணிய தாள்கள், கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட், முதலில் கொரகொரப்பு வகை, பிறகு மெல்லிய வகை.

இதில் ஆபத்தான இடம் ஓரங்கள். ஃபெண்டரின் மடிப்பு, பானட்டின் விளிம்பு, கதவுக் கோடு, இங்கெல்லாம் பெயின்ட் இயல்பாகவே மெலிதாகத்தான் படிந்திருக்கும். அந்த விளிம்புகளின் மேல் மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டிவிட்டு நடுப்பகுதியைத் தேயுங்கள். கடைசியில் டேப்பை எடுத்து, விளிம்பைக் காம்பவுண்டால் மட்டும் லேசாகத் தொட்டால் போதும். கிளியர் அடித்த காரில் பாலிஷ் துணியில் கார் நிறம் ஏற ஆரம்பித்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள், கையை எடுத்துவிடுங்கள். அடியில் பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் அந்தப் பகுதியை மட்டும், கதவுக் கோட்டிலிருந்து கதவுக் கோடு வரை மறைத்து, மறுபடி அடிப்பதுதான் வழி. பிரஷில் தொட்டு மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், பளபளப்பான பரப்பில் அது தெரியாமல் இருக்கவே இருக்காது.

மெட்டாலிக் நிறத்தை மட்டும் நேரடியாகத் தேய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் உலோகச் செதில்கள் வெட்டுப்பட்டுத் திட்டுத்திட்டாகிவிடும். மேலே கிளியர் அடித்து, கிளியரை மட்டும் தேயுங்கள். தேய்க்காமலே மெட்டாலிக் திட்டுத்திட்டாக வந்திருந்தால், அது ஈரமாக அடித்ததில் செதில்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததன் விளைவு. கடைசிப் பூச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று பனிபோலத் தூவினால் சமமாகும். பம்பர், கண்ணாடிக் கூடு, பானட் எல்லாவற்றையும் காரில் இருக்கும் அதே கோணத்தில் நிறுத்தி ஒன்றாக அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரே டப்பாவிலிருந்து வந்த நிறமே இரண்டு நிறமாகத் தெரியும்.

வெண்படலம் படிந்து மங்கிவிட்டது

காற்றில் ஈரப்பதம் அதிகம். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் படிகிறது. மழை நாளில் பளபளப்பான பெயின்ட் அடிக்காமல் இருப்பதே நல்லது. ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் சந்தேகம் இருக்காது. வந்துவிட்ட படலத்துக்குப் பயப்பட வேண்டாம். காற்று காய்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் லாக்கர் தின்னரை, அதாவது ரிடார்டர் கலந்ததை, ஏர்பிரஷில் மிக மெல்லியதாகத் தூவினால் மேலடுக்கு கொஞ்சம் இளகி நீர் வெளியேறிவிடும். பெரும்பாலும் படலம் அதோடு போய்விடும்.

வட்ட வட்டமாகக் குழிகள்

எண்ணெய் அல்லது சிலிக்கான். விரலிலிருந்து வந்திருக்கலாம், அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழல்வதற்காகத் தொழிற்சாலையில் தடவிய பொருளிலிருந்து வந்திருக்கலாம், கம்ப்ரஸரிலிருந்து காற்றோடு வந்த எண்ணெயாகவும் இருக்கலாம். பெயின்ட்டை இன்னும் அடித்து மூடப் பார்த்தால் குழி ஆழமாகத்தான் ஆகும். காயவிட்டு, குழி மறையும்வரை தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடியுங்கள். அதன்பிறகு பாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். உள்பக்கம் ஒரு குச்சியையோ பழைய டப்பாவையோ டேப்பால் பொருத்தி, அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கிட்டைத் திறந்ததும் எல்லா ஸ்ப்ரூவையும், அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை, கழுவிவிடுவது இந்த வம்பே வராமல் தடுக்கும்.

பெயின்ட் சுருங்கி நெளிந்துவிட்டது, அல்லது பிளாஸ்டிக்கே வெடித்திருக்கிறது

அடுக்கு வரிசை தவறியிருக்கிறது. காய்ந்த லாக்கரின் மேல் எனாமல் போகலாம், அக்ரிலிக்கும் போகலாம். எனாமலின் மேல் லாக்கர் போனால் அது அடியிலிருப்பதைக் கடித்துச் சுருக்கிவிடும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே எந்த வகை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாடல் பெயின்ட் விற்கும் டாமியாவையே எடுத்துக்கொண்டால், டிஎஸ் (TS) ஸ்ப்ரே லாக்கர், எக்ஸ் என்றும் எக்ஸ்எஃப் என்றும் வருகிற குப்பிகளில் அக்ரிலிக்கும் உண்டு, எனாமலும் உண்டு. ஒரே நிறுவனம், ஒரே எண், வேறு வேதியியல்.

நிஜக் காருக்கான டச்-அப் ஸ்ப்ரேயை நேரடியாகக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் மேல் அடித்தாலும் பரப்பு வெடிப்புவிடும். அதைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மாடலுக்கான பிரைமரை நன்றாக மூடும்படி பூசி, காயவிட்டு, நிறத்தை மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள்.

சுருங்கிப்போனதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, முழுவதும் உரிக்க வேண்டும். அக்ரிலிக்கும் பல மாடல் லாக்கர்களும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் கழன்றுவரும். கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேயுங்கள். முதலில் ஸ்ப்ரூத் துண்டில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோனையும் ஹார்ட்வேர் கடைத் தின்னரையும் கிட்டவே கொண்டுவராதீர்கள், பெயின்ட்டோடு பாடியும் கரைந்துவிடும்.

இங்கேயே இன்னொன்று. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடித்தால் சில நாளில் இளஞ்சிவப்பு ஏறும். பிளாஸ்டிக்கின் சாயம் மேலே கசிகிறது. இன்னும் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தாலும் கசியும். பிரைமருக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு பூச்சு சில்வர் அடித்துவிட்டால் அது தடுப்புச் சுவராக நிற்கும்.

பெயின்ட் அடித்தபின் கோடுகளும் பள்ளங்களும் தெரிகின்றன

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் பதிகிற அச்சுக்கோடு ஃபெண்டரின் உச்சியிலும் கூரைத் தூண்களிலும் பம்பர் மூலைகளிலும் ஓடும். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு ஏறியதும் பளிச்சென்று தெரியும். பள்ளங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கிற இடத்துக்கு நேர் எதிர்ப்புறம், உள்ளே முளையோ விலாவோ இருக்கிற இடத்தில் வரும். சாம்பல் பிரைமரை நான் பாதுகாப்புப் பூச்சு என்பதைவிட சோதனைப் பூச்சு என்றுதான் நினைக்கிறேன். அடித்து, விளக்கில் பார்த்து, பட்டி வைத்து, தேய்த்து, மறுபடி அடித்து, கோளாறு எதுவும் தெரியாமல் போகும்வரை நிறத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது.

குழாயில் வரும் பட்டி காயும்போது சுருங்கும். அன்றே தேய்த்துச் சமமாக்கினால் ஒரு வாரத்தில் அங்கே பள்ளம் விழும். ஒருநாளாவது விடுங்கள். சூப்பர் க்ளூவை நிரப்பியாக வைத்தால் சுருங்காது, ஆனால் நேரம் ஆக ஆகப் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், அதனால் இறுகியதும் சீக்கிரம் தேய்த்துவிட வேண்டும். 400 தாளில் நிறுத்திவிட்டு லாக்கர் அடித்தால் அந்தக் கீறல்கள் வீங்கி மேலே தெரியும். 600, 1000 என்று ஏறியபின் அடியுங்கள்.

கதவுக் கோடுகள் பெயின்ட்டில் மூடிப்போனதும் இந்த வகைதான். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து நிரப்பிவிடுகின்றன. பிரைமருக்கு முன்பே கோடு கீறும் கருவியான ஸ்கிரைபராலோ பிளேடின் முதுகுப்பக்கத்தாலோ கோட்டை ஆழப்படுத்திவிடுங்கள்.

டேப்பை எடுத்தால் பெயின்ட்டும் வருகிறது, அல்லது டேப்புக்கு அடியில் கசிந்திருக்கிறது

பெயின்ட்டோடு வந்தால் கழுவாத பிளாஸ்டிக், பிரைமர் இல்லாத பிளாஸ்டிக், இரண்டில் ஒன்று. கசிந்திருந்தால் டேப்பின் ஓரத்தை முதலில் அடியிலிருக்கும் நிறத்தாலோ கிளியராலோ மெல்ல அடைத்திருக்க வேண்டும். கசிவதானால் அந்த நிறமே கசியும், தெரியாது. டேப்பைத் தன்மேலேயே மடித்தபடி, மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள்.

டெக்கால் மினுங்குகிறது, நொறுங்குகிறது, கரைகிறது

டெக்காலின் ஓரத்தில் வெள்ளி நிறம் தெரிந்தால் அடியில் காற்று. சொரசொரப்பான பரப்பின் மேல் ஒட்டினால் இது வரும். பளபளப்பான பரப்பில் மட்டுமே ஒட்டுங்கள். வந்துவிட்டால், மெல்லிய ஊசி முனையால் சில இடங்களில் குத்தி, மைக்ரோ சால் அல்லது மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். துளை வழியே உள்ளே இறங்கிப் படலத்தைப் பரப்போடு சேர்த்துவிடும். போட்டதும் டெக்கால் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாதீர்கள், தானாகவே படியும். கிளியர் அடித்தபிறகுதான் இதைக் கவனித்தீர்கள் என்றால் திரவம் உள்ளே போக வழியில்லை. அந்த டெக்காலோடு வாழப் பழகலாம், அல்லது அந்தப் பகுதியைத் தேய்த்தெடுத்து மறுபடி ஆரம்பிக்கலாம். நடு வழி கிடையாது.

பழைய கிட்டின் டெக்கால் தண்ணீரில் துண்டு துண்டாகலாம். தேவையில்லாத ஒன்றை முதலில் நனைத்துச் சோதியுங்கள். உடைந்தால் தாள் முழுவதற்கும் மெல்லிய கிளியர் லாக்கர் அடித்துக் காயவிடுங்கள். இப்போது தாள் முழுதும் ஒரே படலம், ஆகவே ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். மஞ்சளாகிப்போன தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும்.

கிளியர் டெக்காலைக் கரைத்திருந்தால் முதல் பூச்சையே ஈரமாக அடித்திருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று பூச்சுகள் தூவலாக, நடுநடுவே காயவிட்டு. அதன்பிறகுதான் ஈரப் பூச்சு. டெக்காலுக்கு அடியிலிருக்கும் தண்ணீர் போக ஒருநாளாவது கொடுங்கள்.

கண்ணாடி மங்கிவிட்டது

சூப்பர் க்ளூவின் ஆவி. அது குறிப்பாக விரல்ரேகை மேல் படியும். தடயவியலில் ரேகை எடுக்கப் பயன்படுத்துவதும் இதே ஆவிதான், அதனால் உங்கள் கட்டைவிரல் முன்கண்ணாடியில் அழகாக அச்சாகியிருந்தால் ஆச்சரியமில்லை. பஞ்சுக்குச்சியில் மெல்லிய காம்பவுண்ட் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போகும். பாடிக்குள் வேறு எங்கு சூப்பர் க்ளூ போட்டாலும், கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே போட்டு, ஆவி போகும்வரை திறந்து வையுங்கள். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெரியாது, வழிந்தால் ஈரப் பஞ்சில் துடைத்துவிடலாம். தெளிந்த பிளாஸ்டிக் எளிதில் விரிசல்விடும், ஸ்ப்ரூவிலிருந்து ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேயுங்கள்.

குரோம் பாகங்கள் ஒட்டவில்லை, ஃபாயில் கிழிகிறது

பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. நடுவில் குரோம் படலம் இருந்தால் அது வேலை செய்யாது. ஒட்டும் இடத்தில் மட்டும் படலத்தைச் சுரண்டிவிடுங்கள். பம்பரில் அச்சுக்கோடு இருந்தால் குரோமை முழுதும் எடுத்துவிட்டுச் சரிசெய்வது மேல். சலவை பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும். அதோடு அம்மோனியாவோ அமிலமோ கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும். மறுபடி குரோம் வேண்டுமென்றால் அடியில் பளபளப்பான கறுப்பு, மேலே அல்கிளாட் போன்ற பெயின்ட் மிக மெல்லியதாக. அதற்குமேல் கிளியர் அடித்தால் பெரும்பாலும் பளபளப்பு போய்ச் சாம்பலாகிவிடும்.

ஜன்னல் ஓரத்து உலோகப் பட்டைக்கு ஃபாயில், அதாவது ஒட்டும் மெல்லிய உலோகத் தாள், ஒட்டும்போது கிழிந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. புதிது மாற்றுங்கள். எழுத்து முத்திரைகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எழுத்தின் மேல் ஃபாயிலை ஒட்டி, அழுத்திப் படியவைத்து, அதன்மேலேயே நிறம் அடியுங்கள். காய்ந்தபின் எழுத்தின் முகட்டை மட்டும் காம்பவுண்டால் தேய்த்தால் பெயின்ட் போய் ஃபாயில் வெளிவரும். எந்தத் தூரிகையாலும் வராத நேர்த்தி வரும்.

மூன்று சக்கரம் தரையில், ஒன்று காற்றில்

காரைக் கண்ணாடித் தட்டில் வைத்து ஒவ்வொரு டயருக்கு அடியிலும் தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் நுழைகிற சக்கரம் குற்றவாளி என்று அவசரப்படாதீர்கள். அதற்கு மூலைவிட்டமாக எதிரில் இருப்பதும் காரணமாக இருக்கலாம். சேசிஸ் வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் காட்டி, தட்டையாகப் பிடித்து ஆறவிடுங்கள். கொதிநீர் வேண்டாம். சக்கர அச்சு கோணலாக ஒட்டியிருந்தால் அறுத்து, கம்பி முளை வைத்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. அடுத்த காரில் நாலு சக்கரத்தையும் மாட்டி, கண்ணாடித் தட்டில் நிறுத்தி, அந்த நிலையிலேயே பசையை உலரவிடுங்கள்.

பாடி சேசிஸில் உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் டாஷ்போர்டு முன்கண்ணாடியில் இடிக்கிறது, அல்லது உள்ளறைத் தொட்டியின் ஓரம் பக்கக் கண்ணாடியில் உரசுகிறது. அழியக்கூடிய ஸ்கெட்ச் பேனா மையை ஓரத்தில் தடவி மாட்டிக் கழற்றினால் உரசும் இடம் தெரிந்துவிடும்.

டயர் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது

1960, 70-களின் கிட்களில் இருக்கும் வினைல் டயர்களிலிருந்து மென்மையாக்கும் வேதிப்பொருள் கசிந்து பாலிஸ்டைரீனைத் தின்னும். பழைய கிட் வாங்கினால் டயர்களை உடனே தனிப் பையில் போடுங்கள். கட்டும்போது ரிம்மைச் சுற்றி ஃபாயில் பட்டை ஒட்டி, அதன்மேல் டயரை மாட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பொம்மை மாதிரி தெரிகிறது

அளவுதான் காரணம். 1/24 அளவு மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 24 மில்லிமீட்டர். நிஜக் கதவிடுக்கு 5 மி.மீ. என்றால் மாடலில் 0.2 மி.மீ. அதில் கறுப்பு வாஷை, அதாவது நீர்த்த பெயின்ட்டை, நிரப்பினால் வெள்ளைக் கார் பேனாவால் வரைந்த படமாகிவிடும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர்பழுப்பு போதும். எனாமல் வாஷைப் பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் விடாதீர்கள், இறுக்கத்தில் இருக்கும் பாகம் விரிசல்விட்டு உடையும்.

டயர் பளபளத்தால் தரையில் படும் பகுதியைத் தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள். சீட் பெல்ட் 2 மி.மீ. அகலத்துக்கு மேல் போக வேண்டாம். உள்ளறைக் கறுப்பு, இன்ஜின் கறுப்பு, சேசிஸ் கறுப்பு மூன்றும் ஒரே குப்பியிலிருந்து வராமல், கொஞ்சம் சாம்பல் கலந்து வேறுபடட்டும்.

ஸ்பார்க் பிளக் கம்பி நிஜத்தில் 7, 8 மி.மீ. தடிமன், ஆகவே மாடலில் 0.3 மி.மீ. கைக்குக் கிடைக்கிற மின்கம்பி இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கும், நல்ல இன்ஜினையும் கெடுத்துவிடும். 0.3 கம்பி, 0.35 துளை என்று கை டிரில்லில் போடுங்கள். எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் சுற்றிலும் எட்டுத் துளை, நடுவில் ஒன்று. செவர்லே ஸ்மால் பிளாக்கின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கச் சிலிண்டர்கள் முன்னாலிருந்து 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. நடுத்துளைக் கம்பி இக்னிஷன் காயிலுக்குப் போகும். அதைக் கடைசியாக ஒட்டினால் மற்ற எட்டும் கைக்கு இடைஞ்சலில்லாமல் உள்ளே போகும்.